யார் மடியில்

இமர்த்தி சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்து, தாயில்லாப் பிள்ளைக்கு மார் கொடுத்துக்கொண்டிருந்தாள். அடுப்படியிலிருந்த ஓரகத்தி தாப்புவுக்கு வயிறு எரிந்தது.

பிள்ளையின் தாயைக் காலையில் ஜோத்பூர் ரோட்டில் ஒரு லாரி அடித்துப் போட்டுவிட்டது. அநாதையாகக் கிடந்ததைத் தலைப்பாகைத் துணியில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தவன் தாப்புவின் புருஷன் கேமாராம். கொண்டுவந்தவன் பெண்டாட்டியிடம் கொடுத்தானா? நேரே போய் அண்ணி மடியில் வைத்தான்.

அண்ணிக்கு ஏற்கெனவே நாலு. நாலாவது இன்னும் தொட்டிலில் கிடக்கிறது. தாப்புவுக்குக் கல்யாணமான நாளிலிருந்து மடி காலி.

விறகில் ஒளிந்திருக்கும் பூச்சி வெந்து சாகக் கூடாதென்று, தட்டிவிட்டுத்தான் அடுப்பில் வைப்பார்கள் அந்த ஊரில். அன்றைக்குத் தாப்பு தட்டிய தட்டில் விறகே பிளந்துவிடும் போலிருந்தது.

"மெதுவாத் தட்டு. பிள்ளை பயப்படுது," என்றாள் இமர்த்தி.

"உனக்கென்னக்கா, உன் மடி எப்பவும் நிறைஞ்சிருக்கு. இந்த ஒண்ணை எனக்குக் கொடுத்தா குறைஞ்சா போயிடுவே?"

"பசிச்ச வாய்க்குப் பால் வேணுமே. அதுக்கு நான் என்ன பண்ணட்டும்?"

"உயிருக்கு இரங்குன்னு நம்ம ஊர் கும்பிடுற குரு உனக்கு மட்டும்தான் சொல்லிட்டுப் போனாரா?"

கயிற்றுக் கட்டிலில் கிடந்த கேமாராம் பேச்சை மாற்றப் பார்த்தான். "நேத்துத்தான் பொறந்திருக்கும். அதுக்குள்ள எழுந்து நிக்கப் பாக்குது. கெட்டிக்காரப் பய."

அந்த நேரம் பார்த்துத் தொட்டில் பிள்ளை வீறிட்டது. இமர்த்தி வேறு வழியில்லாமல், "கொஞ்சம் பிடி," என்று மடியிலிருந்ததைத் தாப்புவிடம் கொடுத்துவிட்டு எழுந்து போனாள்.

தாப்பு அதற்காகவே காத்திருந்தவள். வெதுவெதுப்பான பசும்பாலில் பஞ்சை நனைத்து வாயில் வைத்தாள். அது முகத்தைத் திருப்பிக்கொண்டது. அவளுக்கு அழுகை முட்டியது. "என்னையும் கொஞ்சம் பாருடா ராசா," என்று மறுபடி வைத்தாள்.

இந்தத் தடவை சப்பியது. சப்பிச் சப்பி, அவள் கையை எச்சிலாக்கி, அப்படியே மடியில் சுருண்டு தூங்கிப்போனது.

இமர்த்தி வந்து கையை நீட்டினாள். "தா."

"தர மாட்டேன்."

"ராத்திரியெல்லாம் முழிச்சிருக்கணும், தெரியுமில்ல?"

"முழிச்சிருப்பேன். இவன் பேர் மோத்தி. நான்தான் இவனுக்கு அம்மா. நாலு பெத்தவ நீ, இதுல கண்ணு வைக்காத."

கேமாராம் எழுந்து, செருப்பைத் தேடும் சாக்கில் வெளியே போய்விட்டான்.

சண்டைக்கு வருவாள் என்று தாப்பு காத்திருந்தாள். இமர்த்தியோ பக்கத்தில் உட்கார்ந்து, விலகியிருந்த துணியை இழுத்துப் போர்த்திவிட்டாள்.

"நீ இந்த வீட்டுக்கு வர்றதுக்கு முன்னாடி நானும் ஒருத்தனை இப்படித்தான் வளர்த்து அனுப்பினேன்," என்றாள்.

"உன் கதை எனக்கெதுக்கு? என் பிள்ளையை நான் எங்கேயும் அனுப்ப மாட்டேன்."

இமர்த்தி அவள் தோளில் கை வைத்தாள்.

"கொம்பு முளைச்சதும் மான் கூட்டத்தோட விட்டுடணும், தாப்பு."