மேதா பயந்த பெயர்

ஒரகடத்தில் புதுக் கிளையின் திறப்பு விழா. இன்ஷூரன்ஸ் குழுமத்தின் அடுத்த தலைவர் யார் என்பதை லக்ஷ்மிநரசிம்மன் அங்கேதான் அறிவிக்கப்போகிறார்.

கார் ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டியதும் மகள் மேதா அவர் பக்கம் திரும்பினாள்.

"அப்பா, கிருஷ்ணா பேரை மட்டும் சொல்லிடாதேங்கோ."

"ஏண்டி, உனக்கு மூத்தவன் அவன்தானே?"

"நான் எழுதிக் குடுத்த காகிதத்துல இருக்கறதைப் படிச்சாப் போதும்பா."

போன வாரம் வேலைக்குச் சேர்ந்த டிரைவர் சுடலைக்கண்ணு கண்ணாடி வழியே அவளை ஒரு மாதிரி பார்த்தான். அண்ணன்மேல் பொறாமை என்று நினைத்திருப்பான்.

மேடையில் அப்பா மைக்கைப் பிடித்தார். காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

"அடுத்த தலைவர், என் பையன் கிருஷ்ணா."

ஒருவரும் கைதட்டவில்லை. முன்வரிசையில் இயக்குநர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆறு மாதமாக அவள் மூடிமறைத்தது வெளியே வந்துவிட்டது.

அப்பா கூட்டத்தில் தேடினார். "மேதா, அண்ணா எங்கடி?"

கிருஷ்ணா இறந்து இரண்டு வருஷமாகிறது. ஆறு மாதமாகத் தினமும் காலையில் அவன் எங்கே என்று அவர் கேட்பார். அவள் சொல்வாள். புதிதாகக் கேட்டதுபோல் அழுவார்.

மேதா மேடையேறி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வந்துண்டிருக்கான்பா" என்றாள்.