ஒரு சொம்பு உறை

பல்லைக் காவியாக்கி முழங்காலை வளைக்கும் ஃப்ளோரைடை அந்த ஊர்த் தண்ணீரிலிருந்து பிரித்தெடுக்கப் பூங்கோதை ஒரு வடிகட்டி செய்திருந்தாள். அதைப் பொருத்திய ஊர்க் குழாயடியில் பிடித்துச் சோதித்தால் தண்ணீர் சுத்தம். அதே தண்ணீர் வீட்டுக் குடத்துக்குப் போனதும் ஃப்ளோரைடு வரம்பைத் தாண்டி நின்றது. ஏழு வாரம் தன் வடிகட்டியையே சந்தேகப்பட்டாள். எட்டாவது வாரம் அந்தக் குழாயில் தண்ணீர் பிடிக்கும் மாதம்மா வீட்டு அடுப்படியில் போய் உட்கார்ந்துகொண்டாள். மாதம்மா குழாய்த் தண்ணீர்க் குடத்தை இறக்கி வைத்தாள். பிறகு பழைய கைப்பம்பில் ஒரு சொம்பு அடித்து வந்து அதில் ஊற்றினாள்.

“இது எதுக்குக்கா?”

“உறை ஊத்தாம பாலு தோயுமா மேடம்? உங்க தண்ணி சப்புனு கெடக்குது. ஒரு சொம்பு ஊர்த்தண்ணி ஊத்துனாத்தான் தொண்டையில எறங்குது.” காவிப் பல் தெரியச் சிரித்தாள். அவளுடைய மகள், பால்பல் விழுந்த இடத்தை நாக்கால் துழாவியபடி நின்றாள்.

உடன் வந்திருந்த பொறியாளர் கொதித்தார். “நாளைக்கே அந்தப் பம்பைப் பிடுங்கிடறேன்.”

“பிடுங்கினா தோட்டத்துக் கிணத்துக்குப் போவாங்க சார்,” என்ற பூங்கோதை, சொம்பை வாங்கி அது எவ்வளவு பிடிக்கிறது என்று அளந்துகொண்டாள்.

இரண்டு மாதம் கழித்து, ஃப்ளோரைடை இன்னும் அதிகமாகப் பிரிக்கும் புது வடிகட்டி வந்தது. மாதம்மா ஒரு வாய் குடித்து முகம் சுளித்தாள். “முன்னையவிட சப்புனு இருக்குதே!” ஒரு சொம்பு ஊற்றிப் பார்த்தாள். போதவில்லை. இரண்டாவதற்குக் கைப்பம்பை நோக்கி நடந்தாள். பொறியாளர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

பூங்கோதை அசையவில்லை. அவள் கணக்குப் போட்டிருந்தது மூன்று சொம்புக்கு.