காயாத கறுப்பு

சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஒரு சொல் பொய்யானாலும் என் மீசை இந்த நிமிஷமே உதிரட்டும்!

ஓர் ஏரியில் தேர்தல். நடுத்திட்டு மரங்களில் யார் கூடு கட்டலாம் என்பதை ஜெயிக்கிறவர்தான் முடிவு செய்வார். அஞ்சனி என்ற நீர்க்காகத்தின் முட்டைகள் அங்கேதான் இருந்தன. ஓட்டுப் போட, விழுந்து கிடந்த ஒரு மரத்தின் மேல் நடந்துபோய் நுனியில் கொத்திவிட்டு வர வேண்டும். பறந்து போனால் செல்லாது. மரத்தடியில் ஒரு வெள்ளைக் கொக்கு காவல் நின்றது.

"இறகு நனைஞ்சிருந்தா ஓட்டு கிடையாதும்மா. சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான்."

கொக்கு காலை மட்டும் நனைத்து மீன் பிடிக்கும். நீர்க்காகமோ முழுசாக முங்கினால்தான் சாப்பாடு. அநியாயம் என்று தெரிந்தும் அஞ்சனி அன்றைக்கு முங்கவேயில்லை. பட்டினியோடு வெயிலில் காய்ந்துவிட்டு வந்தாள்.

கொக்கு உற்றுப் பார்த்தது. "பளபளங்குதே! கறுப்பு பளபளத்தா ஈரம்னு அர்த்தம்."

"அடப்பாவி, அது என் நிறம்யா!"

"போ, போய்க் காய்ஞ்சுட்டு வா."

அஞ்சனிக்கு வயிற்றைவிட நெஞ்சு எரிந்தது. "வாங்கடி எல்லாரும்!" என்று கத்தினாள். ஏரியின் நீர்க்காகங்கள் அத்தனையும் அந்த மரத்தில் ஏறி, அடியிலிருந்து நுனிவரை சிறகை விரித்து நின்றன.

"வழிய விடுங்க! நாங்க ஓட்டுப் போட வேணாமா?" என்று கொக்குகள் கூச்சலிட்டன.

"நீங்கதானே காயச் சொன்னீங்க?" என்றாள் அஞ்சனி, சிறகை மடக்காமலே. "பளபளப்பு போற வரைக்கும் காயறோம். நில்லுங்க."

நீர்க்காகங்கள் இன்னும் அப்படியே நிற்கின்றன. நான் சொன்னதாக மட்டும் யாரிடமும் மூச்சு விடாதீர்கள். அந்தக் கொக்கு தினமும் என் வீட்டுக்கு மேலேதான் பறக்கிறது.