தமிழ் தெரிந்த ஒருவர் தேவை

“அன்புள்ள குற்றவாளியே, வணக்கம்” என்றாள் அவள். குரல் தேனாய் இனித்தது.

வெல்டருக்குத் தூக்கிவாரிப் போட்டது. “இன்னும் விசாரணையே ஆரம்பிக்கல, அதுக்குள்ள குற்றவாளியா?” என்று தனக்காக வாதாட வந்த வக்கீலம்மாவின் கைபேசியைப் பார்த்துக் கத்தினான். அவள் அதற்குள்தான் இருந்தாள். அந்த ஊர் மொழியில் யார் எது பேசினாலும் தமிழாக்கித் தருவது அவள் வேலை.

சில நாளுக்கு முன் வேலைக்காக வந்து இறங்கியவனை விமான நிலையத்திலேயே அமுக்கிவிட்டார்கள். பையில் ஒரு டப்பா, டப்பாவில் வெள்ளைத் தூள். சோதனைக் காகிதத்தில் தடவியதும் நீலமாகிவிட்டது. போதைப்பொருள்தான் என்று முடிவானால், அவன் தலை நரைத்த பிறகுதான் வெளியே வரமுடியும். போய்ச் சேர்ந்ததும் கூப்பிடுகிறேன் என்று மனைவியிடம் சொல்லிவிட்டு வந்திருந்தான். அவள் இன்னும் காத்துக்கொண்டிருப்பாள்.

நீதிபதி ஏதோ கேட்டார். “இந்தத் தூள் யார் வீட்டுப் பிள்ளை?” என்றாள் கைபேசிக்காரி.

“என்னோடது இல்லீங்கய்யா! ஊர்ல ஏர்போர்ட் வரிசையில முன்னாடி நின்ன அண்ணன் குடுத்தாரு. அவர் பை எடை கூடிப்போச்சாம். இறங்கி வெளிய வந்ததும் வாங்கிக்கறேன்னாரு.”

“அண்ணனின் திருநாமம்?”

“கேக்கலீங்க.”

“டப்பாவின் உள்ளே யாது?”

“அதையும் கேக்கலீங்க.”

“முன்பின் அறியாதவரிடம் எவ்விதம் பெற்றீர், குற்றவாளியே?”

“தம்பின்னு கூப்பிட்டாரே!”

அதை அவள் எப்படி மொழிபெயர்த்தாளோ, நீதிமன்றமே குலுங்கிச் சிரித்தது. அரசு வக்கீல் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வக்கீலம்மா மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து மேஜையைத் தட்டினார். அவர் பேசியது தன் வேலைக்கே உலை வைத்தாலும், கைபேசிக்காரி அதைப் பிழையில்லாமல் தமிழில் சொன்னாள். “இந்த இயந்திரம் போதாது. இரண்டு மொழியும் தெரிந்த ஒரு மனிதர் வரவேண்டும். அது இவருடைய உரிமை.”

“இந்த ஊரில் தமிழுக்கு எங்கே போவது? மதியத்துக்குள் ஆள் கிடைக்காவிட்டால் கைபேசியே போதும்” என்றார் அரசு வக்கீல். நீதிபதி தலையாட்டினார்.

ஊழியர் ஒருவர் ஊரெல்லாம் தொலைபேசியில் விசாரித்தார். பல்கலைக்கழகத்தில் இல்லை, மருத்துவமனையில் இல்லை. வெல்டர் சுவர்க்கடிகாரத்தை முறைத்துக்கொண்டிருந்தான். கடைசியில் விமான நிலையத்திலிருந்து பதில் வந்தது.

“இங்கே ஒருவர் இருக்கிறார். இந்த ஊரிலேயே முடிதிருத்தும் கடை வைத்திருப்பவர். கொஞ்ச நாளாகத் தினமும் வந்து எங்களோடு சண்டை போடுகிறார். இரண்டு மொழியிலும் பிரமாதமாகத் திட்டுவார்.”

“திட்டத் தெரிந்தவருக்குப் பேசவும் தெரியும். வரச் சொல்லுங்கள்” என்றார் நீதிபதி.

வந்து நின்றவரைப் பார்த்ததும் வெல்டருக்குப் பாதி நம்பிக்கை போய்விட்டது. ஒரு பக்கக் கன்னம் பன் மாதிரி வீங்கியிருந்தது. தாடையிலிருந்து உச்சந்தலை வரை துண்டைச் சுற்றிக் கட்டியிருந்தார், கண்ணும் மூக்கும்தான் தெரிந்தன. யாரையும் ஏறெடுத்துப் பார்க்காமல், வலியில் முனகியபடியே உறுதிமொழி எடுத்துக்கொண்டார்.

“டப்பாவைக் கொடுத்தவரைப் பார்த்தால் அடையாளம் காட்டுவாரா என்று கேளுங்கள்” என்றார் நீதிபதி.

மொழிபெயர்ப்பாளர் வெல்டர் பக்கம் திரும்பினார். வாயைத் திறந்தவர் அப்படியே நின்றார். அவன் முகத்தைப் பார்த்தார், மேஜைமேல் இருந்த டப்பாவைப் பார்த்தார், மறுபடி அவன் முகத்தைப் பார்த்தார். பிறகு சரசரவென்று துண்டை அவிழ்த்தார்.

“அடப்பாவி தம்பி, என் பல்பொடியத் தூக்கிக்கிட்டு எங்கடா போயிட்ட?”