மிச்சத் துணி

அச்சிமுகம்மது டெய்லர் மவுத்தாகி ரெண்டு மாசம்தான். அவர்ட பொண்சாதி சுபைறா, கலர் கலராத் துணியை மடியில பரப்பிக்கிட்டு, சிரிச்சிச் சிரிச்சித் தைக்கிறாளாம்.

வந்து சொன்னவ முனவ்வறா. எங்கட தெருவுக்கு அவதான் செய்திப் பேப்பர்.

"இத்தாவுல இரிக்கிற பொம்புளை ராத்தா. நாலு மாசமும் பத்து நாளும் வெள்ளையை உடுத்து, ஓதிக்கிட்டு வூட்டோட இரிக்காம, இவளுக்கு என்னத்துக்கு இந்த விளையாட்டு? நீங்கதான் பெரியவங்க. போய்ச் சொல்லுங்க."

என்னை ஆரும் பெரியவங்க எண்டாப் போதும், எனக்குக் கால் தரையில நிக்காது. சீலையை இழுத்துப் போர்த்திக்கிட்டு வெளிக்கிட்டன். ஓகஸ்ட் மாசத்து வெயில். கச்சான் காத்து நெருப்பா அடிக்கி. தெருவுல ஒரு கோழியையும் காணல்ல.

முனவ்வறா சொன்னதுல பொய் இல்ல. சுபைறா வெள்ளைச் சீலையோட பாயில இருந்தா. அவளைச் சுத்தி ஒரே துண்டுத் துணி. சிவப்பு, பச்சை, கோடு போட்டது, பூப் போட்டது. துண்டோட துண்டை வைச்சித் தைச்சிப் போர்வை ஆக்கிறா. ஒரு மூலையில, பள்ளிக்கூடத்துல நாங்க படிச்ச மாதிரி, புள்ளடி புள்ளடியா நூலைக் குத்தி எழுத்துத் தைக்கிறா.

என்னைக் கண்டதும் சிரிச்சா. அதுதான் எனக்குப் பத்திக்கிட்டு வந்தது.

"என்னகா இது? புருசன்ட கபுறு மண் இன்னும் காயல்ல."

"சும்மா இருந்தா அவர்ட நினைவாவே இரிக்கி ராத்தா. இதைத் தைக்கக்குள்ள மனசு கொஞ்சம் லேசாகுது. இந்தச் சிவப்பைப் பாருங்க. முனவ்வறாட கலியாணச் சட்டை. இறுக்கமாத் தைச்சிட்டாரெண்டு மூணு தரம் கொண்டுவந்து சண்டை புடிச்சவ."

"ஊர் வாயை மூட உலைமூடி இல்ல. சனம் என்ன கதைக்கிது எண்டு..."

சொல்லிக்கிட்டு வந்த நான் நிண்டு போனன். அவள்ட காலடியில ஒரு நீலக் கோட்டுத் துண்டு. என்ட மனிசன்ட பெருநாள் சேட்டுத் துணி. மருதமுனையில சொல்லி நெய்விச்சது. அந்தக் கோடு ஊருல வேற ஆருக்கிட்டயும் இல்ல.

"இது எங்கட துணி."

"ஓம் ராத்தா."

"மிச்சம் இரிக்கா எண்டு நானே போய்க் கேட்டன். ஒரு விரக்கடையும் மிஞ்சல்ல எண்டாரு உன்ட மனிசன். பள்ளியில முன் வரிசையில நிண்டு தொழுத மனிசன்."

சுபைறா ஊசியைத் துணியில குத்தி வைச்சா.

"எல்லாருக்கிட்டயும் அப்படித்தான் சொன்னாரு. தலாணிக்கு அடைக்கலாம் எண்டு சேத்துச் சேத்து, தகரப் பெட்டி நிறைஞ்சி போச்சி. கடைசியா வருத்தத்துல கிடக்கக்குள்ள அதை நினைச்சித்தான் அழுதாரு. 'ஜனாஸாவைத் தூக்க முந்தி, மையத்து ஆருக்கும் கடன் குடுக்கக் கிடக்கா எண்டு கேப்பாங்க. துண்டுத் துணிக்கு ஆரு வாய் துறப்பாங்க? அடுத்தவனுக்குரிய ஹக்கை எடுத்தா அல்லா மன்னிக்க மாட்டான், அந்தப் பொருளுக்கு உரியவன்தான் மன்னிக்கணும். வூடு வூடாக் குடுத்து, மன்னிச்சிப் பொருந்த வைச்சிடு சுபைறா' எண்டாரு."

"ஆருட துணி எதெண்டு ஒனக்கு எப்படித் தெரியும்?"

"பட்டன் தைச்சது நான்தானே. எல்லா வூட்டுத் துணியும் என்ட கையாலதான் போனது. இத்தா முடியாம வெளிக்கிட ஏலா. அதுக்குள்ள வூட்டுக்கு ஒரு போர்வையாத் தைச்சி, மூலையில பேரும் போட்டு வைச்சா, முடிஞ்ச அண்டைக்கே கொண்டுபோகலாம். வெறும் கந்தலை நீட்டி எப்படி ராத்தா மன்னிப்புக் கேக்கிற?"

எனக்கு இரக்கம் வரல்ல. உள்ளதைச் சொல்லணுமே. வல்லவன் எடுத்தாலும் நல்லவன் எடுத்தாலும் களவு களவுதான்.

"நீ தைச்சா என்ன, தைக்காட்டி என்ன. நான் பொருந்த மாட்டன். மறுமையில அவரே பதில் சொல்லட்டும்."

சுபைறாட முகம் செத்துப் போச்சி.

"ஒரு வூடு பொருந்தாட்டியும் அவருக்குக் கபுறுல நிம்மதி இல்லயே ராத்தா" எண்டா. மறுகா எழும்பிப் போய், மடிச்சி வைச்சிருந்த ஒரு போர்வையை எடுத்து வந்து என்ட மடியில வைச்சா. "ஒங்கடதைத்தான் முதல்ல முடிச்சன். அந்த நீலத் துண்டு இதுல மிஞ்சினது. பாத்திட்டுச் சொல்லுங்க."

வேண்டாவெறுப்பா விரிச்சன். மூலையில ஹாஜறா எண்டு என்ட பேரு. மனிசன்ட சேட்டு, என்ட சட்டை, மகன்மார்ட கால்சட்டை. நடுவுல உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மஞ்சள் துண்டு. அதுல சின்னச் சின்ன வெள்ளைப் பூ.

பரீனாட கவுன்.

என்ட கடைசிப் புள்ள. ஆறு வயசு. எழுபத்தெட்டுச் சூறாவளியில சுவர் விழுந்து, என்ட கண் முன்னால மவுத்தானவ. வூடும் போய், பெட்டி சாமானும் வெள்ளத்தோட போய், அவள் உடுத்ததுல ஒரு நூல்கூட எனக்கு மிஞ்சல்ல. மூணு வருசமா, இது என்ட புள்ளைட எண்டு தொட்டுப் பாக்க என்னட்ட ஒண்டும் இல்ல.

அந்தத் துண்டை முகத்துல வைச்சி அழுதன். எவ்வளவு நேரம் எண்டு தெரியாது. சுபைறா என்ட முதுகைத் தடவிக்கிட்டு இருந்தா.

அழுகை கொஞ்சம் அடங்கினதும், பயந்து பயந்து கேட்டா.

"அவரைப் பொருந்துவீங்களா ராத்தா?"

"பொருந்தினன்கா" எண்டன். "இன்னும் ஒரு சாண் களவெடுத்திரிக்கப்படாதா உன்ட மனிசன்?"