கைதவறிய டம்ளர்

மதுரை நாடக ரசிகர் குழுவில் யார் எந்தப் புது நாடகத்தைப் பரிந்துரைத்தாலும், அன்று மேடையில் நடந்த ஒரு பிசகையும் சேர்த்து எழுதியாக வேண்டும். அரங்கத்தின் பக்கமே போகாமல் உருகி உருகி விமர்சனம் எழுதும் இயந்திரங்கள் பெருகிவிட்ட காலம். நேரில் போனவருக்குத்தானே பிசகு தெரியும்?

தணிகாசலம் போன மாதம் எழுதியிருந்தார். ‘“தண்ணீர் வராத நாள்” நாடகத்தைக் கட்டாயம் பாருங்கள். இரண்டாம் காட்சியில் நாயகி கண்ணாடி டம்ளரைக் கைதவறிப் போட்டுவிட்டாள். வசனத்தை நிறுத்தாமல் சில்லுகளைப் பொறுக்கினாள், அது நடிப்பு!’

அதே குழுவில் இருந்த செண்பகவல்லி நம்பவில்லை. மூட்டுவலி என்று வாசலைக்கூடத் தாண்டாத மனிதர் எப்போது போனார்? பிசகையும் இயந்திரத்திடமே எழுதி வாங்கியிருப்பார். கையும் களவுமாகப் பிடித்துவிடுவதென்று டிக்கெட் எடுத்து முன்வரிசையில் போய் உட்கார்ந்தாள்.

இரண்டாம் காட்சியில் டம்ளர் விழுந்து உடைந்தது. அரங்கமே கைதட்டியது.

நாடகம் முடிந்ததும் விடுவிடுவென்று மேடைக்குப் பின்னால் போனாள். நாயகி ரெஜினா விரல்களுக்குப் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டிருந்தாள்.

“ஏம்மா, வேணும்னேதானே போடுற?”

“முத நாள் நெசமாவே கைதவறிருச்சுக்கா. வாக்கரோட ஒரு ஐயா வந்திருந்தாரு. அவர் எழுதினதப் பாத்துட்டு எல்லாரும் அதுக்குன்னே வர்றாங்க. ஒருநாள் போடல, நாடகமே டூப்புன்னு பாதியில எந்திரிச்சுப் போயிட்டாங்க.”

ரெஜினா பழைய காயத்தின்மேல் புதுப் பிளாஸ்திரியை அழுத்தினாள்.

“நீங்களும் அந்தக் குழுதானேக்கா? எழுதுவீங்கள்ல? இப்பவே சொல்லிருங்க, நாளைக்கு வேற என்ன விழணும்?”