ஒரு லிட்டர் மூச்சு

"திருப்புடா அதை. மனுஷன் சாகறான், பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கே?"

ஜீப்பின் பின்சீட்டில் மாணிக்கம்மாள் கத்தினாள். அவள் தம்பி சின்னராசு அவள்மேல் சாய்ந்து கிடந்தார். ஒவ்வொரு மூச்சுக்கும் அவர் தோள் இரண்டும் காதுவரை ஏறி இறங்கின.

எதிரே சின்னராசின் மகன் ஆனந்தன். அவன் காலிடுக்கில் ஆக்சிஜன் சிலிண்டர். அதன் தலையில் திருகுகிற ஒரு குமிழ், ஒரு கண்ணாடிக் குழாய், அதற்குள் ஒரு சின்னக் குண்டு. ஒன்று என்று போட்ட கோட்டில் குண்டு நின்றது.

"ஒரு லிட்டர்தான் அத்தே. அதைத் தாண்டக் கூடாதுன்னு போன தடவையே ஆஸ்பத்திரியில சொல்லித்தான் அனுப்பினாங்க."

"பதினஞ்சு வரைக்கும் கோடு போட்டு வெச்சிருக்கான். யாருக்கு வெச்சான், உன் மாமனாருக்கா?"

டிரைவர் கண்ணாயிரம் சிரிப்பை அடக்கிக்கொண்டு வளைவில் ஸ்டியரிங்கை ஒடித்தார். மலைமேல் புதூர்நாட்டில் வண்டி ஏறியதிலிருந்து இதே பேச்சுதான்.

"அத்தே, அப்பாவுக்குக் காத்து உள்ள போறது மட்டும் பிரச்சினை இல்ல. கெட்ட காத்து வெளிய வரணும். ஆக்சிஜனை அள்ளி விட்டா அது உள்ளயே தங்கிடும். தங்கினா தூக்கம் மாதிரி மயக்கம் வரும், ரத்தம் புளிச்சிடும். புளிச்சா நுரையீரல்ல இருக்கிற ரத்தக்குழாயெல்லாம் இறுகிக்கும். அப்பால இதயம் எவ்வளவு முட்டினாலும் ரத்தம் போகாது."

"புளிக்கிறதுக்கு ரத்தம் இன்னா கூழா?"

ஆனந்தன் அப்பாவின் கன்னத்தைத் தட்டினான்.

"அப்பா, தூங்காதே. கண்ணைத் தொற."

"ரெண்டு நாளா பொட்டுத் தூக்கம் இல்லாத மனுஷன். அதையும் கெடுக்கறான். டேய், அந்தப் புளியந்தோப்பு எப்படியும் உனக்குத்தான் வரப்போவுது. அதுக்குள்ள இன்னா அவசரம்?"

ஆனந்தன் முகம் சுருங்கியது. அப்போதும் வாயைத் திறக்கவில்லை. அவளுக்கு அதுதான் பெரிய எரிச்சல். திட்டினால் திரும்பித் திட்ட வேண்டும். இது என்ன பிள்ளை?

அடுத்த வளைவில் ஜீப் நின்றது. பலாப்பழம் ஏற்றிய வண்டி ஒன்று ஓரப் பள்ளத்தில் சக்கரத்தை விட்டுப் பாதையை அடைத்துக்கொண்டிருந்தது. தள்ள ஆள் போதவில்லை.

"இறங்கு ஆனந்தா. நாமளும் கை கொடுத்தாத்தான் வழி," என்றார் கண்ணாயிரம்.

ஆனந்தன் தயங்கித் தயங்கி இறங்கினான். "அத்தே, அப்பா கண்ணை மூடினா எழுப்பு. இந்தக் குமிழைத் தொடாதே."

தலையை ஆட்டினாள். அவன் முதுகு திரும்பியதும் தொட்டாள். தொட்டது மட்டுமில்லை, திருகுகிற வரைக்கும் திருகினாள். குண்டு துள்ளி உச்சிக்குப் போனது.

கொஞ்ச நேரத்திலேயே பலன் தெரிந்தது. நீலம் பாரித்த உதடு சிவந்தது. தோள் ஏறி இறங்குவது குறைந்தது. கண் தானாக மூடியது. மாணிக்கம்மாள் போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டாள். இதற்கா இவ்வளவு பிடிவாதம் பிடித்தான், சண்டாளன்?

வண்டியை நகர்த்த வெகுநேரம் ஆனது. ஆனந்தன் சேறும் வியர்வையுமாக ஓடி வந்தான்.

"சத்தம் போடாதே. இப்பதான் நிம்மதியா தூங்கறான்."

ஆனந்தன் குண்டைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். குமிழைத் திருகி ஒன்றில் நிறுத்தினான்.

"அப்பா." தோளை உலுக்கினான். "அப்பா." பளாரென்று கன்னத்தில் ஒன்று வைத்தான். சின்னராசு அசையவில்லை.

"அண்ணே, சீக்கிரம் ஓட்டு."

பெற்ற அப்பனை அறைகிறானே என்று கேட்க மாணிக்கம்மாளுக்கு வாய்வரை வந்தது. மடியில் தொப்பென்று விழுந்து கிடந்த தம்பியின் கையைப் பார்த்தாள். கேட்கவில்லை. திருப்பத்தூர் வரும்வரை அந்தக் கையைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

ஆஸ்பத்திரியில் சின்னராசின் முகத்தில் இறுக்கமாக மாஸ்க்கைக் கட்டி ஒரு மெஷினில் மாட்டினார்கள். மாணிக்கம்மாள் வராந்தாவிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் டாக்டர் விரலால் குமிழைத் திருகுவது போலச் செய்து காட்டி ஆனந்தனிடம் ஏதோ கேட்டார். ஆனந்தன் தலை குனிந்து நின்றான். டாக்டர் வாசலைக் காட்டி என்னவோ உத்தரவு போட்டுவிட்டுப் போனார். அவளுக்கு ஒன்றும் காதில் விழவில்லை. கேட்டுத்தான் தெரிய வேண்டுமா? காட்டிக் கொடுத்திருப்பான். அவளாக இருந்தால் முதல் வேலையாகக் காட்டிக் கொடுத்திருப்பாள்.

எழுந்தாள். ஏதாவது பஸ்ஸைப் பிடித்து மலைக்குப் போய்விடலாம். அதற்குள் கதவு திறந்தது.

"எங்க போறே? உள்ள வா," என்றான் ஆனந்தன்.

"நான் எதுக்குடா? நான்தான் அதை..."

"தெரியும். வா. அப்பா முழிச்சிருந்து மெஷினோட சேர்ந்து மூச்சு விடணுமாம். நான் கூப்பிட்டா லேசா கண்ணைத் தொறந்துட்டு மூடிக்கிறாரு. நீ திட்டினா மட்டும் பதில் சொல்லாம இருக்க மாட்டாரு. ஊருக்கே தெரியும்."

கட்டிலருகே போய் நின்றாள். குரல் வரவில்லை. ஆனந்தன் முழங்கையால் இடித்தான்.

"டேய் சின்னராசு," என்றாள். "பட்டப்பகல்ல இன்னாடா தூக்கம், சோம்பேறி? மாட்டை எவன் அவுத்துக் கட்றது, நானா?"

சின்னராசின் புருவம் நெளிந்தது. மாஸ்க்குக்குள் உதடு அசைந்தது. வசவாகத்தான் இருக்க வேண்டும்.

மருந்துத் தட்டோடு வந்த சிஸ்டர் ஆனந்தனிடம் கேட்டார்:

"ஏம்பா, அந்தக் குமிழைத் திருப்பினவங்க யாரா இருந்தாலும் வாசலைத் தாண்டி உள்ள விடக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டுப் போனாரே, அவங்களை அனுப்பிட்டியா?"

ஆனந்தன் மூலையில் கிடந்த ஸ்டூலை இழுத்து, கட்டிலுக்குப் பக்கத்தில் அத்தைக்குப் போட்டான்.